பயந்து எழுந்து ஓடி வந்தவள்

நவம்பர் 20

கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்து நாலு நாள். இன்று அம்மா கடற்பாசி சூப் வைத்தாள். வருஷம் பூராவும் அதை வீட்டில் வைக்கவில்லை. வழுவழுப்பான பாசியாயிற்றே, குடித்தால் தேர்வில் வழுக்கி விழுவேனாம். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

வகுப்பில் பாதிப்பேர் கண் லேசருக்குப் பதிவு செய்தாயிற்று. தேர்வு முடிந்தால் அடுத்தது கண்தான், எங்கள் டேஜான் நகரத்தில் இது எழுதாத சட்டம். எனக்கு டிசம்பர் 4. இரண்டு மில்லி மீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளே லேசர் செதுக்கிய துணுக்கை அதன் வழியாகவே உருவி எடுத்துவிடுவார்களாம். மறுநாளே முகம் கழுவலாம். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த தழும்புக்கும் விடுதலை.

யுன்-சே அக்காவிடம் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்பு அவளும் இதே போலத் தேர்வு முடித்த கையோடு லேசர் செய்துகொண்டவள்தான். "சரி" என்றாள், அவ்வளவுதான். பிப்ரவரியில் கல்யாணம். கல்யாணப் பெண் அல்லவா, என்னோடு பேச நேரம் ஏது.

டிசம்பர் 4

செய்யவில்லை. எழுதக் கை வரவில்லை.

டிசம்பர் 5

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது கருவிழி நோய் உண்டா என்று ஒரு கேள்வி. அம்மா எங்கள் தொடுகறிக் கடையில் இருந்தால் போனை எடுக்கமாட்டாள். அக்காவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில்: "இல்லை. பயப்படாதே." 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

பிறகு கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மரபணுச் சோதனை, இரண்டு மணி நேரம். அது முடிந்ததும் டாக்டர் தனியாக அழைத்தார். அவெல்லினோ என்று ஒரு நோய். கருவிழியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக வரும். சும்மா விட்டால் மெதுவாகத்தான் வளரும், லேசர் பட்டால் மளமளவென்று பெருகிப் பார்வையை மறைத்துவிடும். "ஆயுசுக்கும் லேசர் பக்கமே போகாதம்மா. லென்ஸும் வேண்டாம், உரசும். வெயில்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ." அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்ததாம்.

அக்கா எப்போதோ லேசர் செய்துகொண்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லையே என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

அக்காவை எச்சரிக்க வேண்டும் என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து கடைக்கு ஓடினேன், மடச்சி. அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள், அக்கா டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள். லேசர் கூடாதாம், எனக்கு ஒரு நோய் இருக்கிறதாம் என்றேன். அம்மாவின் கத்தி நின்றது. என்ன நோய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

கேட்கவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

அதே நோயால் மூன்று வருஷமாக அக்காவுக்குக் கண்ணில் பனிமூட்டமாம். அம்மாவுக்கும் தெரியும். தேர்வு எழுதுகிற பிள்ளை மனசைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையாம். தேர்வு முடிந்து பதினெட்டு நாள் ஆயிற்றே அம்மா!

"சோதனையில தெரிஞ்சிரும்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரிஞ்சிச்சா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்பு அக்காவை லேசருக்குக் கூட்டிப்போன அம்மா, சோதனைக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றதும், கடை திறக்க வேண்டும், சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அப்போது அப்படி விட்டுவிடுவார்களாம். சொல்லிவிட்டு அம்மா அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னையும் அப்படி விட்டிருந்தால்?

டிசம்பர் 17

மாப்பிள்ளை தே-ஹூனின் அம்மா சாப்பிட வந்திருந்தார். சின்னவளுக்கும் கண் லேசர் என்றீர்களே, இன்னும் கண்ணாடி போட்டிருக்கிறாளே என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "அதை ஏன் கேக்கறீங்க! மேசையில படுத்தவ பயந்து எழுந்து ஓடியே வந்துட்டா. காலணிகூட மாத்திப் போட்டுக்கிட்டு வந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரம்பரை நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் என்ன ஆகும் என்பது அம்மாவின் கவலை. காலணி விஷயத்தை எங்கிருந்து பிடித்தாளோ. நானும் சிரித்தேன். அதுதான் ஆறவில்லை.

ஜனவரி 28

கல்யாணத்தன்று நான் லென்ஸ் போட்டுக்கொள்ள வேண்டுமாம், அக்கா சொல்கிறாள். கண்ணாடியோடு படத்தில் நின்றால் அவர்கள் பக்கத்தில் மறுபடி பேச்சு வருமாம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒரே ஒரு நாள்தானே. எனக்காகச் செய்யமாட்டியா?"

உன் கல்யாணத்துக்கு என் கண்ணா? கேட்கவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17

கல்யாணம் முடிந்தது. லென்ஸ் போட்டுக்கொண்டேன். ஏன்? அக்கா என்பதால்தான். ஐந்து மணி நேரம். கண் சிவந்து நீராகக் கொட்டியது. பாவம், அக்கா பிரிவு தாங்கவில்லை என்று எல்லோரும் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 26

தேனிலவு முடிந்து அக்காவும் அத்தானும் விருந்துக்கு வந்தார்கள். கொல்லைக் குழாயில் நான் கீரை அலசிக்கொண்டிருந்தேன். அத்தான் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

"வெயில்ல கண்ணு கூசலையா? அக்காவுக்கு இருக்கறதுதானே உனக்கும். கல்யாணத்தன்னிக்கு எதுக்கு லென்ஸ் போட்ட? நானே கேக்கணும்னு இருந்தேன்."

உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"பொண்ணு கேட்ட அன்னிக்கே சொல்லிட்டா, போன வருஷம். எங்கம்மாவுக்கும் தெரியுமே. இதுல மறைக்க என்னம்மா இருக்கு?"

அப்படியானால் டிசம்பரில் அவர் அம்மா சிரித்தது? எங்கள் அம்மா மழுப்பியதைப் பார்த்து, மரியாதைக்காகச் சிரித்திருப்பார். அக்கா அவர்களிடம் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா திட்டுவாள் அல்லவா. அதற்குப் பயந்துகொண்டு என்னைப் பயந்தாங்கொள்ளியாக்கினாள். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் உண்மை பேசினவளுக்கு, கூடப் பிறந்தவளுக்கு ஒரு 'ஆமாம்' அனுப்ப முடியவில்லை.

கீரையை மூன்று தரம் அலசினேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். பசிக்கவில்லை என்றேன்.

மார்ச் 2

அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்பு. எடுக்கவில்லை. தூரத்துப் புசான் நகரக் கல்லூரியில் விடுதி கிடைத்துவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

மார்ச் 9

கண் மருத்துவமனையில் இருவருக்கும் சேர்த்துப் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள் அக்கா. நான் தொலைபேசியில் என்னுடையதை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்றுக்குப் போனேன். அக்கா நடையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு வந்தவள், போகவே இல்லையாம். செவிலிப் பெண்தான் சொன்னாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால், வந்தது நான்தான் என்று அக்காவுக்குச் சட்டென்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியைக் கையால் துடைத்தாள்.

ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். அவள் துடைத்த நாற்காலியில் என் பையை வைத்தேன்.