நீ விட்டுப்போன முள்ளங்கித் தோட்டம்

என் பாப்பா ஸ்டெல்லா,

முப்பத்துநாலு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடாதே என்று சண்டை பிடிப்பாய். இப்போது சண்டை பிடிக்க நீ இல்லை. அதனால் அப்படியே கூப்பிடுகிறேன்.

முள்ளங்கி நன்றாக வந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் போன் விளையாட்டுக்குள் இருக்கிற அந்த ஊரில், ஆற்றோரமாக நீ போட்டுவைத்த நாலு பாத்தியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆமாம், டீ ஆறுகிற வரைக்கும் பொறுக்காமல் வாயைச் சுட்டுக்கொள்கிற உன் அண்ணன்தான். செராமிக் கம்பெனியில் பீங்கான் சாமான்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலையில் எனக்குக் கைவேகம் என்று பேர். அந்த வேகத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன் என்று உன் அண்ணி சொல்வாள்.

டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நாலு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனே, அப்போதுதான் அந்த விளையாட்டை முதலில் பார்த்தேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாய். நடந்துபோய் ஒரு ஆமைக்கு வணக்கம் சொல்வாய். திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர்.

"இதுல எப்பதான் ஜெயிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறதெல்லாம் ஒண்ணும் கெடையாதுண்ணா. சும்மா அந்த ஊர்ல இருக்கலாம், அவ்ளோதான்" என்றாய்.

மீன் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்று ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினாய். "தக்கை முழுசா உள்ள போன பொறவு இழுண்ணா." தக்கை லேசாக ஆடியதுமே இழுத்துவிட்டேன். மூன்று தடவையும் மீன் போய்விட்டது. நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். கையை அசைக்காதீங்க என்று நர்ஸம்மா அதட்டினார்கள். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

கடைசி வாரத்தில் ஒரு தடவை கேட்டாய். "அண்ணா, கை வலிக்குது. இன்னிக்கு ஒரு நாள் தண்ணி மட்டும் ஊத்திடறியா?"

"இருக்கிற தலைவலியே போதும் பாப்பா" என்றேன்.

ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை அது. இப்போது தெரிகிறது. நீ ஏன் இரண்டாவது தடவை கேட்கவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போய்விட்டாய்.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு மறதி வந்தது உனக்குத் தெரியும். அடுப்பை மறந்தது, பக்கத்து வீட்டுக்காரி பேரை மறந்தது வரைக்கும் நீ பார்த்தாய். உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் சாயங்காலம், நீ ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்புகிற ஆறு மணிக்கு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டெல்லா எங்கடா? இன்னும் வூட்டுக்கு வரல?"

முதல் நாள் மெதுவாகத்தான் சொன்னேன். அழுதாள். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். இப்படியே போனது. ஒரு நாள் என்னால் முடியவில்லை. "செத்துப் போயிட்டாம்மா. எத்தன வாட்டி சொல்றது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை நீ அன்றைக்குத்தான் செத்தாய். அடுத்த நாளும் அன்றைக்குத்தான். அவள் கண்ணெதிரே உன்னை நான் எத்தனை தடவை சாகடித்திருப்பேன்?

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க உன் படம் தேடினேன். உன் போனைத் திறந்ததும் அந்த விளையாட்டிலிருந்து ஒரு தகவல் வந்து நின்றது, முள்ளங்கி காத்திருக்கிறது என்று. உள்ளே போய்ப் பார்த்தேன். புல் மண்டிக்கிடந்தது. ஆனால் எதுவும் சாகவில்லை. அந்த ஊரில் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி காயாது, வளராமல் அப்படியே நிற்கும். ஒரு மாதமாக உனக்காக நின்றிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் தினமும் ஊற்றுகிறேன். ஒரு முள்ளங்கி வர நாலு நாள். நிஜமாகவே நாலு நாள். எவ்வளவு தட்டினாலும் மூன்றே முக்கால் ஆகாது. அந்த ஆமை பேசுவது உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு எழுத்தாக வரும். முதல் வாரம் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பிறகு பழகிவிட்டது. நானும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தானே படிக்கிறேன். இன்றைக்கு மழை வருமா என்று தினமும் கேட்கும். வரும் என்று நான் தினமும் பதில் போடுவேன்.

ஒரு நாள் உன் அண்ணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தெனம் இதையேதான் கேக்குதா?"

"ஆமா."

"நீங்களும் தெனம் பதில் சொல்றீங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. அத்தை கேட்டா மட்டும் கத்துறீங்க."

சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். நான் போனைக் கீழே வைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். கூட்டிப்போவது சரியா தப்பா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். அம்மா சிலுவையில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தாள்.

"முப்பத்துநாலு வயசாம். யாரு பெத்த புள்ளையோ, பாவம்."

உன் அண்ணி என் முகத்தைப் பார்த்தாள், எங்கே கத்திவிடுவேனோ என்று. எனக்குக் கத்த வரவில்லை. வேறு எதுவும் செய்யவும் வரவில்லை. அம்மா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். காற்றில் மெழுகுவத்தி இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவையும் ஏற்றினேன். கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது.

"டேய், இது நம்ம புள்ள பேரு" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"நம்ம புள்ளதானா?"

"நம்ம புள்ளதாம்மா."

அழுதாள். இந்தத் தடவை நானும் அழுதேன். நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டெல்லா எங்கடா?"

என்ன சொல்ல முடியும், பாப்பா? நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வரலம்மா" என்றேன். பொய்யில்லைதானே அது?

அம்மா என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "கடையில வேலை ஜாஸ்தியா இருக்கும். வந்துருவா. நீ அவசரப்படாத."

எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. செய்வதற்கு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் பொறுமையா? அம்மாவுக்கு உண்மையைச் சொல்வது நல்லதா, சொல்லாமல் விடுவது நல்லதா? டாக்டர் ஒன்று சொல்கிறார், பங்குச் சாமியார் ஒன்று சொல்கிறார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அம்மா உன்னைக் கேட்டால் நின்றுகொண்டு பதில் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்வேன், பதில் என்னவென்று தெரியாத நாளிலும்.

நீ இரண்டாவது தடவை கேட்காமல் விட்ட
உன் அண்ணன்