சின்னத் தாத்தா திருடிய கோழி

செவ்வாய்க்கிழமை, இரவு.

அத்தையிடம் இன்று சொல்லியே விட்டேன்.

போரில் ஜப்பானியரிடம் கைதியாகி முகாமிலேயே இறந்துபோன சின்னத் தாத்தாவைப் பற்றி இரண்டு வருடமாகத் தேடுகிறேன். அவர் சாதாரணச் சிப்பாய். ஆனால் காவலனை அடித்துப்போட்டு வீரமரணம் அடைந்தார் என்றுதான் அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம், சின்னத் தாத்தாவோடு கைதியாக இருந்த ஒருவருடைய குறிப்பேட்டின் ஒரு பக்கம் கிடைத்தது. அதில் காவலன் அடிபடவில்லை. கோழிதான் திருட்டுப்போகிறது.

சின்னத் தாத்தா முகாம் அதிகாரியின் கோழியைத் திருடிச் சட்டைக்குள் ஒளித்திருக்கிறார். காலையில் ஆள் எண்ணும்போது அது கொக்கரித்துவிட்டது. இவர் உடனே இருமினார். பக்கத்தில் நின்றவரும் இருமினார். வரிசை முழுவதும் இருமவே, தொற்றுநோய் என்று பயந்த அதிகாரி அன்று யாருக்கும் வேலை வேண்டாம் என்றுவிட்டார். மூன்று வாரம் கழித்துச் சின்னத் தாத்தா காய்ச்சலில் இறந்தார்.

ஃபெரி ஏறிக் கடல் தாண்டி, பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"கோழியா? என் சித்தப்பா சுத்த சைவம்லா! வருஷா வருஷம் திவசத்துக்குப் பூசணிக்காய்தான் படைக்கிறேன்."

"சூப் வெச்சு எல்லாருக்கும் கொடுத்தாராம் அத்தை. தொடை மட்டும் அவருக்காம்."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருக்கு வீரமரணம்னு சொன்னாலும், பட்டினியாவே செத்துட்டாருன்னுதான் நினைச்சிருந்தேன்டா. வெள்ளிக்கிழமை திவசம். சூலியா தெருக் கடையில ஒரு கோழித் தொடை வாங்கி, பொட்டலமா பொங்குஸ் கட்டிக்கிட்டு வா. சமையல்கட்டுக்குள்ள மட்டும் கொண்டுவராத, வாசல்லயே படைச்சிருவோம்."

குழம்பா, பொரித்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.