அப்பாவின் லைசென்ஸில் மூன்றாவது குற்றம்

விருதுநகர்,
20-9-58

அன்புள்ள மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், ஆடும் குட்டியும் சுகம், உன் அப்பாவுக்குத்தான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, கோர்ட்டு. பம்பாய் ஆஸ்பத்திரியில் ஊரார் வயிற்றைக் கவனிக்கிறாயே, உன் வயிற்றுக்கு நேரத்துக்கு ஏதாவது போடுகிறாயா?

வெடி ஏற்றும்போது பொறி வரக்கூடாதென்று லாரியில் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பார்களே, போன மாதம் விஸ்வநத்தத்தில் லோடு ஏற்றியதும் உன் அப்பா அதை மாட்ட மறந்து, ஹேண்டில் சுற்றி வண்டியைக் கிளப்பிவிட்டார். இருட்டும்போதுதான் விளக்கு எரியாதது தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரந்தானே என்று வந்தவரைப் போலீஸ் மறித்துவிட்டது. ஒரு லாந்தராவது கட்டக் கூடாதாவே என்று ஏட்டு கேட்க, பின்னால அம்புட்டும் வெடி, நீங்களே வந்து கட்டுங்க ஏட்டையா என்றாராம் இவர். ஏட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேஸ் எழுதினார்.

அபராதத்தோடு போயிருக்கும். ஆனால் லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு குற்றம் ஏறியிருக்கிறது. திருத்தங்கல் பக்கம் பஸ்ஸோடு பந்தயம் விட்டது ஒன்று, தாயில்பட்டி ஆட்களை வெடிப்பெட்டி மேல் உட்கார்த்தி வந்தது இன்னொன்று. அதை மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டித் திரிந்தாரே, மாஜிஸ்திரேட்டும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். நம் போதகர் ஆராதனையில் பெயர் சொல்லாமல் ஜெபம் பண்ணியும் பலனில்லை. சபையில் லாரி ஓட்டுகிறவர் ஒருவர்தான், பெயர் எதற்கு? மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. தீபாவளி சீசன் போயிற்று. வண்டி இப்போது பழைய டிரைவர் தனுஷ்கோடி கையில். அவர் லைசென்ஸில் ஒரு குற்றமும் கிடையாது, பத்து வருடமாக வண்டியே ஓட்டாதவருக்கு எப்படி ஏறும்? அவரையே வைத்துக்கொள்ளப்போகிறாரா என்று கேட்டால், தீபாவளி போகட்டும் பார்க்கலாம் என்கிறார் லாரி முதலாளி. தெருவில் அந்த லாரி போகும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிற உன் அப்பாவின் கால் தானாகக் கிளச்சை மிதிக்கிறது. எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மறந்துவிடாதே. கடித உறையில் நீ டிரைவர் பால்துரை என்றுதானே விலாசம் போடுவாய், இனிமே டிரைவர்னு எளுத வேண்டாம்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு என்று நேற்று உன் அப்பா என்னிடம் சொன்னார். நான் சொல்லமாட்டேன். நீ இன்னும் பெரிய எழுத்தாகப் போடு. நம் தபால்காரர் செல்லக்கனி தெருமுனையிலிருந்தே விலாசத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வருகிற ஆள்.

உன் அம்மா,
பா. தேவமணி