அரைவேக்காட்டுச் சனிக்கிழமை

அன்பு மாப்ளே சவரிமுத்து,

நம் இரண்டு குடும்பத்துக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு கிடையாது, சாமியும் வேறு. ஆனாலும் என்னை நீ மச்சான் என்றே கூப்பிட்டாய். கடைசி இரண்டு வருஷம் கூப்பிடவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் இரங்கல் கூட்டத்தில் நாடக மன்றத்தின் புதுச் செயலாளர் உன்னைக் கலைத்தொண்டர் என்றார். ஒரு சனிக்கிழமைகூட அவர், தோல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே நாம் கூடிய மாடிக்கு ஏறி வந்தவரில்லை. நாற்றம் ஆகாதாம்.

அந்தச் சனிக்கிழமைகளைத்தான் இப்போது நிறுத்தப் பார்க்கிறார்கள். எழுதி முடியாத நாடகத்தை, கையில் தாளோடு, வேஷமில்லாமல், வந்தவர்களுக்கு நடித்துக் காட்டிய நம் சாயங்காலங்களை. ஊரார் கேலியாக 'அரைவேக்காடு' என்றார்கள். நீ அந்தப் பெயரையே படிக்கட்டுச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தாய். சட்டமும் நீ போட்டதுதான்: பார்த்தவர்கள் எதுவும் சொல்லலாம், காட்டியவன் வாய் திறக்கக் கூடாது.

பூட்டுப் பட்டறைக்காரன் நீ. "சாவிய அரத்தால ராவி ராவிப் போட்டுப் பாத்தாத்தான மச்சான் பூட்டு தொறக்கும்" என்பாய். பி.ஏ., எல்.டி. படித்த பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு அது ஏறவில்லை.

என் நாடகத்தில் மகன் இறந்த செய்தி கேட்ட தகப்பன் நான்கு பக்கம் பேசுவான். ஒரு சனிக்கிழமை அதைக் காட்டியபோது தகப்பனாக நின்றவன் நீ. இரண்டாம் பக்கத்தில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் சின்னப்பொண்ணு எழுந்தாள்.

"ஏன் வாத்தியாரே, எந்த அப்பனுக்கு இம்புட்டுப் பேச்சு வரும்? எம்மவன் போனப்ப எங்க வீட்டுக்காரரு சும்மா நின்னுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னுதான் கேட்டாரு."

நான் சட்டத்தை மீறினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது என்றேன். நீ தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாய். "வாய மூடிக் கேக்க முடியலைன்னா வராத மச்சான்" என்றாய்.

வரவில்லை. நாடகத்தை எழுதி முடித்து, வேறு குழுவை வைத்து மண்டபத்தில் போட்டேன். நான்கு பக்கமும் அப்படியே இருந்தது. கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். நாடகத்தைப் பற்றி ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். முடிந்துபோன சரக்கைப் பார்த்து யார் என்ன சொல்வார்கள்? கிட்டங்கியில் அவமானப்பட்ட அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

நீ என்னைப் பார்க்க வந்திருக்கலாம். உன்னிடம் சைக்கிள் இருந்தது. "உங்கிட்டயும் இருந்துச்சே மச்சான்" என்பாய்.

மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று உன் தம்பி பள்ளிக்கூட வாசலில் வந்து சொன்னான். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வெயில்ல வந்திருக்கியே, சாப்ட்டியா?" அவன் இல்லை என்றான். இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அன்றைக்குச் சின்னப்பொண்ணு எழுந்து என் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் மன்றக் கூட்டம். இனி முழு நாடகம் மட்டும், நாற்காலி, டிக்கெட் என்றார் செயலாளர். அரைகுறையாகக் காட்ட யாரிடமும் எதுவுமில்லை, கிட்டங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். என்னிடம் ஒன்று இருக்கிறது என்று எழுந்தேன்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிக்கலை. அதனாலதான் கேக்குறேன்."

அவர் சிரித்தார். காட்ட ஏதாவது இருக்கும்வரை நடத்திக்கொள்ளுங்கள் என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னதால் மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது.

பழைய நாடகம்தான். நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அங்கே என்ன வரும் என்று தெரியவில்லை. தகப்பனாக நிற்க ஆளில்லை. நானே நிற்கப் போகிறேன். நேற்று சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "எனக்கென்ன தெரியும் வாத்தியாரே, கையெழுத்துகூடப் போடத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வருவாளா மாப்ளே?

வந்தால், என்ன சொன்னாலும் வாய் திறக்க மாட்டேன். வராவிட்டால் மறு சனிக்கிழமையும் போய்க் கூப்பிடுவேன். அவள் வந்து பார்க்கும்வரை அந்த நாடகத்தை முடிக்கப் போவதில்லை. அது முடியாமல் இருக்கும்வரை அவர்கள் கிட்டங்கியை மூட முடியாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன்மேல் உள்ள கோபம் தனி.

உன் மச்சான்,
வேலுச்சாமி