ஆன்மேரி தொடாத மூன்று கட்டைகள்

ஜூலை 8, செவ்வாய்

கிளப் செயலாளர் பொன்னுவேல் வரச் சொல்லியிருந்தார். இருபத்தாறாம் தேதி, ஜாஸ் பியானோ மேதைகளுக்கு அஞ்சலியாக ஒரு கச்சேரியாம். பதினாறு வருடமாக கிளப் ஹாலில் பியானோ வாசிப்பவன் நான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

"வாசிக்கறதுக்கு மெட்ராஸ்லருந்து ஆன்மேரி வராங்க. நீங்க பியானோவ மட்டும் சுருதி பாத்துக் குடுத்துருங்க யுவராஜ்," என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 11

ஆன்மேரியும் நானும் இதே ஏற்காட்டில் ஒரே பியானோ வகுப்பில் கற்றவர்கள். அப்போது நான்தான் நன்றாக வாசிப்பேன். அவள் கிளம்பிப் போனாள். நான் இங்கேயே ஒரு ரிசார்ட்டில், சாப்பிடுகிறவர்களுக்கு சினிமாப் பாட்டு வாசிக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதானா?

ஜூலை 16

பஸ் ஸ்டாண்டில் போஸ்டர். 'ஏற்காட்டின் மகள்' என்று போட்டிருக்கிறார்கள். அப்ப நான் யாரு? இந்த ஊர விட்டுப் போகாதவனுக்கு ஒரு பேரும் கிடையாதா?

ஜூலை 20, ஞாயிறு

மழைக்காலத்தில் இங்கே பியானோவின் அடிப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். இல்லாவிட்டால் ஈரத்தில் மரம் உப்பி, விரல் வைத்து வாசிக்கிற கட்டைகள் சிக்கிக்கொள்ளும்.

சுருதி பார்த்து முடித்தேன். கிளம்பும்போது பல்பை அணைத்தேன். மறதியால் இல்லை.

ஜூலை 23

ஒரே மூடுபனி. ஹால் பக்கம் போகவில்லை.

ஜூலை 25

ஒத்திகை. நடுவில் மூன்று கட்டைகள் அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கின்றன. பல்பு ஃப்யூஸ் போயிருக்கும் என்றேன். பொய். ஆன்மேரி அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விரலால் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"மூணு கட்டை எந்திரிக்க மாட்டேங்குது. உடுங்க யுவராஜ், அதத் தொடாம வாசிச்சுக்கறேன்."

முன்பலகையைக் கழற்றிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். செய்யவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாடியும் திணறட்டும் — அப்பத் தெரியும்.

ஜூலை 26, சனி

திணறவில்லை. அந்த மூன்று சுரங்கள் வரவேண்டிய இடங்களில் வேறு வழியாகப் போனாள். சில இடங்களில் சும்மா நிறுத்தினாள், அதுவும் பாட்டாகவே இருந்தது. ஒன்றரை மணி நேரம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பொன்னுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பியானோ நொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றார். அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஜூலை 28

கட்டைகளைச் சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரோடு போனேன். ஹாலில் யாரும் இல்லை. கழற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மூன்றையும் தொடாமல் வாசித்துப் பார்த்தேன் — தினமும் ரிசார்ட்டில் வாசிக்கிற பாட்டைத்தான்.

பல்லவி முடிவதற்குள் ஒன்பது தடவை தொட்டுவிட்டேன்.