முன்னறையும் பூசாத சுவரும்

வாப்பா,

உங்கள் தம்பி, சாச்சா, காலையில் சீமெந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். அந்த வாசத்துக்கு, நீங்கள் வேலை முடிந்து வந்து நிற்பதுபோல் இருந்தது.

மேசனாக ஊரில் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குச் சீதன வீடு கட்டினீர்கள். நம் வளவில் எனக்கென்று தொடங்கிய வீடு மட்டும் பூசாத சுவரோடு நின்றுவிட்டது. எனக்கு நாலு வயதிருக்கும்போது, பாலர் பாடசாலைக்கு இடமில்லை என்று டீச்சர் வந்து நின்றா. முன்னறையைச் சும்மா கொடுத்தீர்கள்.

"பொம்புளப் புள்ளட ஊட்டக் குடுத்துப்போட்டு, இவள எங்க வெச்சிக் கட்டிக் குடுக்கிற?" உம்மா ஏசினா.

"ஆறு மாசந்தானேகா. நம்மட புள்ளயும் அதுக்குள்ளதானே படிக்கப்போகுது."

அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

பாலர் கல்விக்குச் செலவழிப்பதால் என்ன இலாபம் என்று போன வாரம் அலுவலகத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். சின்ன வயதில் தொடங்கும் பிள்ளை படிப்பை இடையில் விடாது, நல்ல தொழிலுக்குப் போகும், அந்த நேரத்தில் தாயும் உழைக்கலாம், போட்ட முதல் ஊருக்கே திரும்பும் என்று எழுதினேன். பாராட்டினார்கள்.

நேற்று சாச்சா ஒரு கடிதத்தோடு வந்தார். என் நிக்காஹுக்கு முன் வீடு முடிய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். மாதக் கடைசிக்குள் பாலர் பாடசாலை முன்னறையை விட்டு எழும்ப வேண்டும் என்று டீச்சருக்கு எழுதிய கடிதம். வீடு என் பெயரில் என்பதால் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி அந்த அறையில்தான் தொடங்கினாள். வீடு நின்றுபோனதும் அந்த அறையால்தான். நான் இலாபமா, நட்டமா? வீட்டை முடிக்க நீங்கள் மறந்துவிட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா? நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போகும் முன் கேட்டிருக்கலாம்.

இன்று காலை ஒரு தாய் முன்னறையில் மகனை விட்டுவிட்டுத் தையல் கடைக்கு ஓடினா. "பன்னெண்டுக்கு வந்துருவன் டீச்சர்!" தாயும் உழைக்கலாம் என்று எழுதிய எனக்கு, அவவின் பெயர்கூடத் தெரியாது.

பின்னேரம் சாச்சா வந்தார். "கையெழுத்து வெச்சியா மகள்?"

"பின்பக்கத்த மட்டும் பூசுவம் சாச்சா. முன்னற டீச்சருக்கே இருக்கட்டும். மாப்பிள்ள ஊட்டாக்களுக்குப் புள்ளயள்ட சத்தம் புடிக்குமாண்டு கேட்டுட்டு வாங்க."

"வாப்பாட அதே கிறுக்கு!" என்றபடி மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. உம்மா அன்றுபோலவே ஏசுகிறா. சீமெந்து கிடந்தால் கல்லாகிவிடும் என்பீர்கள். சரியாகத்தான் செய்தேனா, தெரியாது. நீங்கள் தந்த முன்னறைச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. நாளை ஏழரைக்கு டீச்சருக்குக் கதவு திறக்க வேண்டும்.