பெரியம்மாவின் மாத்திரை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, பூனாவில் மழை விட்டதா. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

சித்திரையில் உன் பெரியம்மா அமுதவல்லியை ரோட்டில் வண்டி அடித்துக் கொன்று போட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, உப்பளத்துக்குப் போனாலும் வரப்பில் உட்கார்ந்துவிடுவேன். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு அவள் தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுவாளே, அது அட்டை அட்டையாக மிச்சம் கிடந்தது. இது போட்டாதான்டி எனக்குத் தெம்பே வருதுன்னு சொல்வாள். வீணாகப் போகிறதே என்று நான் போட ஆரம்பித்தேன். முதலில் தெம்பாகத்தான் இருந்தது, அப்புறம் உடம்பு இளைத்து, கை நடுங்கி, வெயில் பொறுக்காமல், ஆபரேஷனுக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே ஆகிவிட்டேன். ஒருநாள் உச்சி வெயிலில் அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வரப்பில் போனேன், எதிரே வந்த நம்ம உப்பளத்துச் சின்னப்பாப்பா உப்புக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிறகு வந்து, நீ வர்றதா தெரியல சாலம்மா, உங்க அக்காதான் வர்றாங்கன்னு நெனச்சிட்டேன் என்று அழுதாள். எனக்குப் பயமில்லையடி, சந்தோஷமாக இருந்தது. அதற்குள் என் நெஞ்சுக்குள் அக்கா நடக்கத் தொடங்கியிருந்தாள். முன்பு ஒருமுறை கால் முறிந்ததிலிருந்து தாங்கித் தாங்கி நடப்பாளே, விடுவிடுவென்று நாலடி, ஒரு நிறுத்தம், திரும்ப ஓட்டம், அதே நடை. உப்பு வாரும்போது நெஞ்சில் கை வைத்து, மெதுவா நட அக்கா என்பேன். சில நேரம் கேட்பாள்.

போன மாதம் உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுந்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, யார் மாத்திரையை யார் போடுறது என்று கத்தினார்கள். அந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் உடம்பில் அளவுக்கு மேல் ஏறினால் இதயம் தாறுமாறாகத் துடிக்குமாம், உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடுமாம். அதை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். போன வாரம் பார்த்துவிட்டு, துடிப்பு ஒழுங்காகிவிட்டது என்று சிரித்தார்கள். உள்ளே அவள் இல்லை என்று அவர்கள் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். அவள் செத்ததற்கு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

அப்பா அட்டைகளை எல்லாம் குழிதோண்டிப் புதைத்துவிட்டார். ஒன்றை மட்டும் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். தூக்கிப் போடக் கை வரவில்லை, தினம் காலையில் விரலில் படுகிறது. தீபாவளி வரைக்கும் காத்திருக்காதே, சீக்கிரம் வந்து அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போ, கேட்டால் தரமாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா சாலம்மாள்,
மரக்காணம்.